தகப்பன் சீர்

என் அக்கா வீட்டுக்காரர் தி. நகரில் எதிர்ப்புச் சக்தி விற்கிறார். பொடியாக, டப்பாவில் அடைத்து. ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பிளாஸ்டிக் குடம் விற்பவருக்கும் பாவாடை நாடா விற்பவருக்கும் நடுவில் கடை. வாசலில் அவர் படமே ஆளுயரத்துக்கு நிற்கும். கையில்லாத பனியன், மடக்கிய கை, அந்தக் கையில் ஒரு டப்பா. எந்தக் கிருமிக்கும் தன்னைத் தொடத் தைரியம் கிடையாது என்று ஒரு சிரிப்பு. கிருமிக்கும் ரசனை என்று ஒன்று இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குத் தொழில் மைக் செட்டு. திருவான்மியூர் பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் வீடு. மாடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், எலி கடித்து நான் ஒட்டுப் போட்ட வயர்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எது வந்தாலும் போவேன். அதற்கு முன்பு நந்தனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். படித்தேன் என்று சொன்னால் அந்தக் கல்லூரிக்கு அவமானம். வகுப்பு ஜன்னலில் இருந்து மைதானம் நன்றாகத் தெரியும். நான் தேறியது அந்தப் பாடத்தில்தான். அப்பா அம்மா இல்லை, அக்கா மட்டும்தான். அந்த அக்காவைத்தான் மயிலாப்பூரில் இருக்கிற இந்த மடக்கிய கைக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம்.

அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தான். சில மாதங்களில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. எடை ஏறவே இல்லை. தூக்கினால் துணியை மட்டும் தூக்குகிற மாதிரி இருக்கும். அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு, வாயால் அவன் முழங்கையில் ஊதிக்கொண்டே இருப்பாள். அரிப்பு அடங்கட்டும் என்று.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லை. கொரோனா வந்து போனதில் இருந்து அந்தச் சொல்லைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் தும்முவதுகூட இல்லை. டீக்கடையில் எதிர்ப்புச் சக்தி டீ. பெசன்ட் நகர் பீச்சில் காலையில் நடக்க வருகிற பெரிய மனிதர்கள் அருகம்புல் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டு, அதே வேகத்தில் வடைக் கடைக்குப் போவார்கள். அது என்ன, உடம்பில் எங்கே இருக்கிறது, கூடினால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததுதான் நன்றாக விற்கும் என்று மாமாவுக்கு மட்டும் தெரியும். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு என்னென்னவோ கூப்பிடத் தோன்றும்.

அந்த மாமா அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். "கடப் பக்கம் புள்ளையத் தூக்கிக்கினு வராத. பாக்கறவன் இன்னா நெனப்பான்? வியாபாரம் பூடும்."

அவருடைய அம்மா, எனக்கு அத்தை முறை, அந்தப் பொடியையே வெந்நீரில் கரைத்து வெள்ளிப் பாலாடையில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டினார். குழந்தை துப்பும். "துப்புதே, அப்ப வேல செய்யுது" என்பார். அந்தத் தர்க்கத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பதில் சொல்லித் தரமாட்டார்கள்.

கடைசியில் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்தார், எங்கெங்கோ அனுப்பினார், சில வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். அக்கா, மாமா, நான் மூன்று பேரும் போனோம். மாமா மரியாதைக்கு ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"எதிர்ப்புச் சக்திப் பொடி மேடம். நம்ம தயாரிப்பு. புள்ளைக்கும் இதான் குடுத்துக்கினு கீறோம்."

டாக்டர் பேனா முனையால் அந்த டப்பாவை ஓரமாக நகர்த்தினார். பல்லியை நகர்த்துவது போல. "உங்க பையனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி இல்லைங்க. கட்டுக்கடங்காம இருக்கு. வெளியில இருந்து வர்ற கிருமியை அடிக்க வேண்டியது, அவன் குடலையும் தோலையுமே அடிச்சிட்டு இருக்கு."

மாமா சற்று யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரியும். பாரம் ஏற்றிய வண்டி மேம்பாலம் ஏறுவது போல. "அதிகமா இருந்தா நல்லதுதான மேடம்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் எந்த செல்லை எடுத்தாலும் உள்ளே இருக்கும் ஜீன்கள் ஒன்றேதான். கண்ணுக்குத் தனி, ஈரலுக்குத் தனி என்று கிடையாது. எதைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று உத்தரவு போடுவதற்கென்றே சில ஜீன்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது ரத்த செல்கள் எதுவாகவும் ஆகலாம். அதில் சில, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சின்னச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். எது கிருமியைக் கொல்கிற செல் ஆக வேண்டும், எது மற்றவர்களுக்கு உதவுகிற செல் ஆக வேண்டும், எது சண்டையை நிறுத்தச் சொல்கிற செல் ஆக வேண்டும் என்பதெல்லாம் அந்த உத்தரவு ஜீன்களைப் பொறுத்தது. சண்டையை நிறுத்துகிற செல்லை உண்டாக்கி, அதை அந்த வேலையிலேயே இருக்க வைக்கிற ஜீன் ஒன்று இருக்கிறது. பையனுக்கு அது பழுது. பெயர் ஃபாக்ஸ்பி3 என்றார். ஆம்ப்ளிஃபயர் மாடல் நம்பர் மாதிரி இருந்தது.

"மிக்ஸர் மாதிரியா டாக்டர்?" என்றேன். "பாட்டு எல்லா லைன்லயும் வருது. எத்த ஏத்தறது, எத்த எறக்கறதுன்னு திருகு கீதே, அது மாதிரி. இவனுக்கு ஒரு திருகு போச்சு. அதான் மைக்கு கூவுது."

மைக் கூவுவது என்றால் தெரியும்தானே. ஸ்பீக்கரில் இருந்து வருகிற சத்தமே திரும்ப மைக்குக்குள் போய், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போய், தன் சத்தத்தையே தான் தின்று ஊளையிடும். மணமேடையில் மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொள்வது அப்போதுதான்.

"பாதி சரி" என்றார் டாக்டர். "உங்க மிக்ஸருக்குப் பின்னாடி நீங்க உக்காந்திருக்கீங்க. இங்க ஆளே கிடையாது. ஒரு திருகு இன்னொரு திருகைத் திருப்பும், அது வேற நூறு திருகைத் திருப்பும். அதனாலதான் ஒண்ணு போனா இவ்வளவு கஷ்டம்."

ஆளே இல்லாமல் ஓடுகிற செட்டு. அன்று ராயப்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை.

டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். "உங்க அம்மா வழியில சின்னக் குழந்தையிலேயே போன ஆம்பளப் புள்ளைங்க யாராவது உண்டா?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, நடக்கிற வயசுக்கு வராமலே வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அம்மாவின் பாலில் தோஷம் என்று சொன்னார்கள். எதற்கும் கவலைப்படாத என் அம்மா, எனக்குத் தாய்ப்பால் கொடுக்கவே பயந்து புட்டிப்பாலில் வளர்த்தாள். இந்த ஜீன் தாயிடம் இருந்து வருவது, தாய்க்கு ஒன்றும் செய்யாது, பிறக்கிற ஆண் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பூவா தலையா மாதிரி என்றார் டாக்டர். அண்ணனுக்குப் பூ விழுந்திருக்கிறது, எனக்குத் தலை. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தோஷம் சொன்ன பெரிய மனுஷிகளில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கோயில் பிரகாரத்தில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

அத்தைக்கு இந்த விஷயம் போனதும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்தது. "நான் அப்பவே சொன்னேன். இது அவங்க வூட்டு வியாதி."

டாக்டர் சில மாத்திரைகள் கொடுத்தார். சண்டையை அடக்குகிற மாத்திரை. காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது, கூட்டத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது, காதுகுத்து இப்போது கிடையாது என்றார். மாத்திரை போட்டதும் பையனின் வயிறு கொஞ்சம் அடங்கியது. ஒரு கை இட்லியை மென்று விழுங்கினான். அக்கா எனக்குப் போன் பண்ணி அதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

அப்புறம் திரும்பவும் ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக. மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று டாக்டரே குழம்பினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போன அக்கா, தானே புகட்டுகிறேன் என்று அத்தை வாங்கி வைத்துக்கொண்ட அடுத்த மாதத்து மாத்திரை அட்டைகளை அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குள் பார்த்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல் இருந்தது.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அத்தை கொஞ்சம்கூட அசரவில்லை.

"எதிர்ப்புச் சக்தியக் கொறைக்கிற மாத்ரையாமே. மெடிக்கல்ல கேட்டேன், அவனே சொல்றான். பெத்த புள்ளைக்கு எவளாவது அத்தக் குடுப்பாளா? என் புள்ள ஊருக்கே சக்தி ஏத்திக்கினு கீறான், அவன் புள்ளைக்கு எறக்கறதா? அதான் எட்த்து வெச்சுட்டு பொடியவே குட்த்தேன்."

"சூப்பர் அத்த" என்றேன். "வூடு எரியுதுன்னு பெட்ரோல் ஊத்தி அணைச்சிருக்கீங்க."

"தோ பாருமா உன் தம்பி. வாயி மட்டும் கீது."

அக்கா அட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "இனிமே அந்த வூட்டுத் தண்ணிகூட அவனுக்குக் கிடையாது."

அந்த முறை ஆஸ்பத்திரியில் பையனுக்குச் சர்க்கரையும் வந்துவிட்டது தெரிந்தது. உள்ளே நடந்த சண்டையில், இன்சுலின் சுரக்கிற இடம் அழிந்துபோயிருந்தது. அந்த மாத்திரைகளை நிறுத்தாமல் இருந்தாலும் இது வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நல்ல மனசுக்காரர், அதனால் அப்படிச் சொன்னார். எனக்கு நல்ல மனசு கிடையாது.

மாத்திரையால் எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியாது, நிரந்தர வழி ஒன்றுதான் என்றார். பழுதான மஜ்ஜையை மருந்தால் காலி பண்ணிவிட்டு, பழுதில்லாத இன்னொருவரின் மூல செல்களை ஏற்ற வேண்டும். அதில் இருந்து புதிதாகப் பிறக்கிற செல்களில் அந்த உத்தரவு ஜீன் ஒழுங்காக இருக்கும். சீக்கிரம் செய்ய வேண்டும், அடுத்த கிருமி எது வந்தாலும் குழந்தை தாங்க மாட்டான். முழுசாகப் பொருந்துகிற ஆள் வெளியே கிடைக்கவில்லை. பாதியாவது பொருந்துகிற சொந்தம் வேண்டும். அக்காவே அந்தப் பழுதைச் சுமப்பவள், அதனால் அவளை எடுப்பதைவிட வேறு ஆள் நல்லது என்றார்.

அத்தை வீட்டில் இதற்கும் தீர்ப்பு தயாராக இருந்தது. தாய்மாமன் கொடுக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு எது செய்தாலும் தாய்மாமன் சீர். மொட்டையா, தாய்மாமன் மடி. காதுகுத்தா, தாய்மாமன் மடி. தொட்டில், அரைஞாண், முதல் செருப்பு எல்லாம் தாய்மாமன். தகப்பன் என்பவர் பந்தலில் சும்மா நின்று மீசையைத் தடவ வேண்டியதுதான். அதே கணக்கில் மஜ்ஜையும் சீர்வரிசைத் தட்டில் வர வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

"இன்னா மச்சான்" என்றார் மாமா, பெரிய மனசு பண்ணுகிறவர் போல. "முறைன்னு ஒண்ணு கீது இல்ல. நீ குடுக்கறதுதான் அழகு."

கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கே போய்க் கை நீட்டினேன். கன்னத்தை உள்பக்கம் சுரண்டியும் எடுத்தார்கள். ஆனால் உடம்புக்கு முறை தெரியவில்லை. எனக்கும் பையனுக்கும் தேவையான அளவு பொருந்தவே இல்லை. தகப்பனுக்குப் பாதி பொருந்தியது. தகப்பன் என்றால் பாதி எப்போதும் பொருந்தும், அதற்குத்தான் தகப்பன் என்றார் டாக்டர் சிரிக்காமல்.

மாமா ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதை நிறுத்தினார். கடையில் ஸ்டாக் எடுக்கிறாராம்.

அக்கா என்னிடம் வந்தாள். "நீ போய்ப் பேசுடா. அவரு சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆனா கிண்டல் பண்ணாத. கால்ல வுழுந்தாவது கேளு."

காலையில் பெசன்ட் நகர் பீச்சில்தான் மாமாவைப் பிடிக்க முடியும். சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் தண்டால் எடுப்பார். நடக்க வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி, நடைபாதைக்குப் பக்கத்திலேயே. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டல் பண்ணவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசினேன். இப்போது எலும்பைத் துளைக்க மாட்டார்கள் மாமா, சில நாள் ஊசி போட்டு மஜ்ஜை செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையில் இருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் பிரித்து மிச்சத்தைத் திருப்பி விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் என்றேன்.

அவர் கையை மடக்கி அதையே பார்த்தார். "கையிலயா?"

"கையிலதான்."

"மச்சான், என் கடையே இந்தக் கைதான்டா. சத்து பூட்ச்சின்னா? ஆயா வேற சொல்லிக்கினு கீது, மஜ்ஜ போனா ஆம்பளத்தனமே பூடும்னு."

ஆயா என்று அவர் தன் அம்மாவைத்தான் சொல்வார்.

"டாக்டரக் கேளு மாமா. திரும்பி ஊறிடும்."

"ஊசி இன்னா சைஸ் கீது?"

அப்போதுதான் புரிந்தது. சத்தும் இல்லை, ஆண்மையும் இல்லை. இந்த ஆளுயரப் படத்துக்கு ஊசி என்றால் பயம். நெற்றி பூரா வியர்த்திருந்தது, தண்டாலுக்குச் சம்பந்தமில்லாத வியர்வை. இவனுக்காகவா என் அக்கா காலில் விழச் சொன்னாள்? "பாக்கலாம் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். மணல் என் மேல் விழுந்தது.

அந்த வாரம்தான் மாமாவின் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா, மந்தைவெளிப் பக்கம் ஒரு மண்டபத்தில். அந்தப் பெண்ணுக்கு மாமாதான் தாய்மாமன். மைக் செட்டு நான். சம்பந்தி வீட்டு மைக் செட்டுக்காரன் என்றால் கூப்பிடவேகூட வேண்டாம், போய் நின்றுவிட வேண்டும். அக்கா வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மாமாவை அன்று பார்க்க வேண்டும். தாய்மாமன் என்ற பதவி கிடைத்ததும் மனுஷனுக்கு மார்பு இன்னும் ஒரு சுற்று பெருத்திருந்தது. வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, கையை மடக்கினால் கிழிகிற மாதிரித் தைத்தது. நாதஸ்வரம் முன்னால் போக, தட்டுத் தட்டாகச் சீர் வந்தது. பட்டு, பூ, பழம், கோபுரமாக அடுக்கிய மிட்டாய். கடைசித் தட்டில், வெள்ளிச் சரிகை சுற்றி, எதிர்ப்புச் சக்தி டப்பாக்கள்.

நான் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே, தாய்மாமன் சீர் வந்துகொண்டிருக்கிறது. வழிவிடுங்கள். இப்படி ஒரு தாய்மாமன் இந்த மயிலாப்பூரிலேயே உண்டா?" ஜனம் கை தட்டியது. மாமா இரண்டு பக்கமும் கும்பிட்டபடி வந்து மேடையில் ஏறினார். அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பூரித்துப்போயிருந்தார்.

சீர் முடிந்தது. நாதஸ்வரக்காரரைக் கையமர்த்தினேன்.

"இதோட முடியலைங்க. அடுத்து, இந்த மண்டபம் இதுவரைக்கும் பார்க்காத ஒரு சீர். தகப்பன் சீர். உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில இருக்கிற தன்னோட ஒரே மகனுக்கு, இதோ மேடையில நிக்கிற இவர், தன்னோட மஜ்ஜையையே தரப்போறார். தன் உடம்புல இருந்து தகப்பன் குடுக்கிற சீர். எல்லாரும் ஒரு தடவை எழுந்து நின்னு கை தட்டுங்க."

மண்டபமே எழுந்து நின்றது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூத்த சொந்தக்காரர்கள் மேடைக்கு ஏறி மாமாவின் தோளைத் தட்டினார்கள். அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது. மாமா சிரித்துக்கொண்டே, பல்லை மட்டும் காட்டிக்கொண்டு, என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற நீ?"

"மாமா, மைக்கு ஆன்ல கீது."

அது ஸ்பீக்கரில் போய்விட்டிருந்தது. ஜனம் சிரித்தது. அவர் மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிவிட்டார். மைக் கூவ ஆரம்பித்தது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. நான் உடனே இறக்கியிருக்கலாம். கொஞ்சம் கூவட்டும் என்று விட்டேன். அப்புறம்தான் திருகை இறக்கினேன்.

அந்த அமைதியில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழி இல்லாமல் மாமா தொண்டையைச் செருமினார். "என் புள்ள. என் ரத்தம். நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?"

கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

டாக்டருக்கு யார் சொன்னார்களோ தெரியாது, என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். "ஊர் முன்னாடி நிக்க வெச்சு வாங்கறதுக்குப் பேர் சம்மதம் இல்லை தம்பி. நான் அவர்கிட்டத் தனியா பேசணும். வேண்டாம்னு சொன்னா, மருத்துவக் காரணத்தால அவர் சரிப்பட மாட்டார்னு நானே உங்ககிட்டச் சொல்லிடுவேன். ஏன்னு நீங்க கேக்கக் கூடாது."

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கூட்டில் அடைத்த கோழிக்கு இவரே கதவைத் திறந்துவிடுகிறாரே என்று எனக்கு எரிச்சல். மாமா உள்ளே போனார். கதவு மூடியது. அக்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கோழி ஓடிவிடும் என்றுதான் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரியாதா? மனசுக்குள் திட்டவேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. மாமாவின் முகம் வெளுத்திருந்தது. அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வாரம் ஊசி ஆரம்பிக்கறாங்களாம். பொடியெல்லாம் நிறுத்தணுமாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ கூட வாடா. ஊசி போடறப்ப எதனா பேசிக்கினு இரு. கிண்டல் பண்ணாலும் பரவால்ல."

அடுக்கி வைத்தது அத்தனையும் வீணாகப் போனது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

போனேன். ஒவ்வொரு ஊசிக்கும் போனேன். அந்த மடக்கிய கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் போட்ட மாதிரிச் சிவந்தது. செல் பிரிக்கிற அன்று, இரண்டு கையிலும் குழாயோடு கண்ணை இறுக்கி மூடிப் படுத்துக்கொண்டு, "சொல்றா, எதனா சொல்றா" என்றார். கிருமிகளுக்கும் ரசனை உண்டு என்பதில் ஆரம்பித்து, தண்டால் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாமா கோபப்படவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

பையனுக்கு ஏற்றியது ஒரு சின்னப் பை. ரோஸ் நிறம். இவ்வளவு கூத்துக்கும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எழுதப் போவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான், காய்ச்சல் ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். ஒருநாள் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, பையனின் ரத்தத்தில் இப்போது ஓடுவது தகப்பனின் செல்கள், சண்டையை நிறுத்துகிற செல்களும் வந்துவிட்டன என்றார். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உலகத்திலேயே சத்தமான ஒரு ஆளிடம் இருந்து, சத்தத்தை அடக்குகிற செல்! இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சர்க்கரை மட்டும் போகவில்லை. அழிந்த இடம் அழிந்ததுதான். அக்கா தினமும் அவன் தொடையில் ஊசி போடுகிறாள். அவன் அழுவதில்லை, இந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டு பிறக்கவில்லை.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு காது குத்தினோம். கூட்டம் இல்லாமல், அக்கா தனியாக எடுத்திருந்த திருவான்மியூர் வீட்டில். முறைப்படி என் மடி. அத்தை வாசல் ஓரமாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். அக்கா அதற்கு மேல் உள்ளே விடவில்லை. மாமா மட்டும் மேற்பார்வை. "அப்டி புடி, இப்டி புடி, தலைய ஆட்டாதடா" என்று கத்திவிட்டு, ஊசி உள்ளே போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாரும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பென்றால் ஒரு கீறல் விழுந்தாலே வாரக்கணக்கில் சிவந்து, வீங்கி, நீர் வடியும். காலையில் அக்கா பார்ப்பாள், மத்தியானம் நான் போய்ப் பார்ப்பேன், சாயங்காலம் மாமா கடையை மூடிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். காது லேசாகச் சிவந்தது. அப்புறம் காய்ந்தது. அப்புறம் ஆறிவிட்டது, தெருவில் ஓடுகிற எந்தப் பையனின் காதும் ஆறுவது போல.

மாமா டார்ச்சை அணைத்தார். "பாத்தியா மச்சான்? நம்ம மஜ்ஜ."

இப்போது கடை வாசலில் படம் மாற்றியாகிவிட்டது. அதே பனியன், அதே மடக்கிய கை. டப்பா இருந்த கையில் பையன் உட்கார்ந்திருக்கிறான், டப்பா பையன் கையில் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பையனைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தச் சொல்வான். படத்தில் இருக்கிற தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.